குரவைக்கு வைத்த ஆம்ப்ளிஃபயர்

என் மகன் வாங்கிய பிக்கப் வண்டியில் நான் எதற்காக ஆம்ப்ளிஃபயர் வைத்தேன் என்று ஊரில் பலரும் பலவிதமாகச் சொல்கிறார்கள். வயதுகாலத்தில் கிழவிக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. மகன் வெளிநாட்டிலிருந்து சொல்லிச் செய்தது என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. என் கொழுந்தனின் தலை குனிய வேண்டும் என்று வைத்தேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

கொழுந்தன் என்றால் என் கணவரின் தம்பி. நான் கல்யாணமாகி வந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்தான். அவனுக்குச் சோறு விளம்பியது நான். சட்டை துவைத்துப் போட்டதும் நான். என்னை மைனி என்பான், அண்ணி என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். பிறகு அவன் வளர்ந்து பாறசாலையில் மைக் செட் கடை வைத்தான். கல்யாணம், சாவு வீட்டு அடியந்திரம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன்தான். பழைய ஜீப் ஒன்றின் தலையில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களைக் கட்டி வைத்திருப்பான். ஆரியங்கோட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஊர் பத்ரகாளி கோவிலில், மீன மாத, அதாவது பங்குனி ஊர்வலத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது அந்த ஜீப்தான்.

ஊர்வலத்துக்கு ஒரு முறை உண்டு. அம்மையின் வாளைச் சிவப்புப் பட்டில் சுற்றி, ஒரு பித்தளைக் கும்பத்தில் அரிசி நிறைத்து, இரண்டையும் முன்னே போகிற வண்டியின் முன் இருக்கையில் பூசாரி கொண்டுவந்து வைப்பார். வைத்த பிறகு கோவிலுக்குத் திரும்பி வரும்வரை அந்த இருக்கையில் எவர் கையும் படக் கூடாது. வண்டிச் சக்கரம் உருளுவதும் ஒரு பெண்ணின் குரவை எழுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். உருண்ட வண்டி, அம்மைக்கு வாசலில் விளக்கு வைத்திருக்கும் முதல் வீடு வரை நிற்கவும் கூடாது. குரவை என்றால் எல்லாருக்கும் தெரியும், நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்த மங்கலச் சத்தம். ஆனால் சாதாரணக் குரவை ஒன்று, ஊர்வலத்தைக் கிளப்புகிற குரவை வேறு. அதை இழுத்து நிறுத்த அடிவயிற்றிலிருந்து மூச்சு வர வேண்டும். எங்கள் ஊரில் அதை முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் நான்தான் விட்டேன். எனக்கு இரண்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. எந்தச் சபையிலும் எனக்கு நாற்காலி போட்டதில்லை. வருடத்தில் ஒரு நாள், ஒரு நிமிடம், ஊர் முழுக்க என் வாயைப் பார்த்து நிற்கும். எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

போன மீனத்துக்கு மூன்று வருடம் முந்திய மீனத்தில் எனக்கு இருமல். குரவையைத் தொடங்கினேன், பாதியில் முறிந்தது. மறுபடி வாய் திறப்பதற்குள் ஜீப்பிலிருந்து மைக்கில் அவன் குரல்.

“மைனிக்கு மூச்சு முட்டுது கேட்டியளா. பாவம், வயசாச்சில்லியா! ஆரும் வெசனப்படண்டாம். நம்ம கையில சாதனம் உண்டு.”

செல்போனை எடுத்து அமுக்கினான். கூம்பிலிருந்து ஒரு குரவை வந்தது. எந்த ஊர்ப் பெண்களோ, எந்தக் கல்யாணத்தில் விட்டதோ. ஒரு பிசிறு இல்லை. கூட்டம் சிரித்தது. தாலம் என்கிற விளக்குத் தட்டை ஏந்தி நின்ற பெண்கள், நான் குரவை சொல்லிக்கொடுத்த பெண்கள், அவர்களும் சிரித்தார்கள். வண்டி போய்விட்டது. நான் திறந்த வாயோடு கோவில் நடையில் நின்றேன்.

அடுத்த வருடம் யாரும் என்னைக் கூப்பிடவே இல்லை. செல்போன் குரவை. அதற்கடுத்த வருடமும் அதுதான். நான் ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன். கூம்பு ஸ்பீக்கருக்கு ஜன்னல் ஒரு பொருட்டா? சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை உதறிவிட்டு எழுந்தேன். அவனுக்கு ஒன்று செய்யாமல் சாக மாட்டேன் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில் மகன் லீவில் வந்து பிக்கப் வாங்கினான். பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி, முன்னால் கார் போல நான்கு கதவு, தோல் இருக்கை. கம்பெனியே உயர்ந்த ரகமாக வைத்த சவுண்டு, ஒன்பது ஸ்பீக்கர் என்று பெருமையாகக் காட்டினான். அவன் திரும்பிப் போன பிறகு வண்டி என் பொறுப்பு. ஓட்டுவதற்கு எங்கள் பக்கத்து வீட்டு ஆள் ஒருவன், வளர்ந்த பிள்ளைகளுக்குத் தகப்பன். என்னைப் பெரியம்மை என்பான். ரப்பர்த் தோட்டத்துக்கும் ஆசுபத்திரிக்கும் அதில்தான் போய்வந்தேன்.

ஒரு நாள் கண்ணாடியை இறக்கிவிட்டு அவன் சாமி பாட்டு வைத்தான். ஜங்ஷனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குள் ஒன்று விழித்துக்கொண்டது.

“மக்கா, இது எவ்வளவு தூரம் கேக்கும்?”

“கண்ணாடிய தாத்தினா நாலு வீடு கேக்கும் பெரியம்மே.”

“நாலு வீடு போராது. ஊரு கேக்கணும். ஒரு ஜீப்புக்க சத்தம் இதுக்கு அடியில கெடந்து சாவணும்.”

அவன் என்னைக் கண்ணாடியில் பார்த்தான். யாருடைய ஜீப் என்று கேட்கவில்லை.

பாறசாலையில் இருக்கிற சவுண்டுக்காரர்கள் எல்லாரும் கொழுந்தனின் கூட்டாளிகள். அதனால் நெய்யாற்றின்கரைக்குப் போனோம். கடைக்காரர் பருத்த ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, “அம்மச்சி, இதில கம்பெனி சவுண்டு ஒண்ணாந்தரமாக்கும். இதில கை வைக்கண்டாம்” என்றார்.

“தரம் நல்லதா கெட்டதான்னு நான் கேக்கல்ல. ஊர்வலத்துக்குக் கேக்குமா?”

“இது உள்ள இருக்கிய ஆளு சுகமா கேக்கதுக்கு உள்ளது.”

“எனக்கு உள்ள இருக்கிய ஆளு வேண்டாம். வெளிய நிக்கிய ஒருத்தன் சுகமில்லாம கேக்கணும்.”

அவர் சிரித்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அந்த ஸ்டூலில் இரண்டு நாள் இருந்தேன்.

இருந்ததால் பலதும் தெரிந்தது. இந்த வண்டியில் ஏற்கெனவே ஒரு ஆம்ப்ளிஃபயர் உண்டாம், இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அது பாட்டைப் பகுத்து அனுப்புகிறது. மேல்சத்தத்தைக் கண்ணாடி ஓரத்துச் சின்ன ஸ்பீக்கருக்கும், மத்தளச் சத்தத்தைக் கதவுக்குள் இருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும். நாம் சத்தத்தைக் கூட்டினால், தன் ஸ்பீக்கர் கிழிந்துவிடாமல் இருக்க மத்தளத்தை அதுவே குறைத்தும் விடும். பிள்ளைகளுக்குப் பகுத்து விளம்பிவிட்ட சோற்றிலிருந்து இன்னொரு பந்திக்கு எடுப்பது போலத்தான் இதிலிருந்து பாட்டை வெளியே எடுப்பது. எல்லா இலையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சேர்த்தால்தான் முழுச் சாப்பாடு. அதற்கு ஒரு கையளவுப் பெட்டி இருக்கிறது. பகுத்த சத்தங்களை மறுபடி ஒன்றாக்கிப் புது ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும்.

முதல் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது என்றார். பின்தொட்டியில் நான்கு பெட்டி ஸ்பீக்கர். இரண்டு பாட்டுக்கு, இரண்டு மைக்குக்கு. பாட்டைப் போட்டார். நாதசுரம் ஊசி மாதிரி வந்தது. தவில் எங்கே?

“தவிலு காணல்ல” என்றேன்.

“உண்டு அம்மச்சி. வயசாவும்போ செவி கொஞ்சம் மங்கும். அதாக்கும்.”

மூச்சு போய்விட்டது என்று ஒருவன் சொல்லியாகிவிட்டது. இப்போது செவி.

“நீ கண்ணாடிக்க ஓரத்தில உள்ள கம்பியில மட்டும் எடுத்தே. அதில மேல்சத்தம் மட்டுந்தான் வரும்னு இண்ணைக்குக் காலத்த நீதானே சொன்னே? கதவுக்க பலகைய நீ இதுவரைக்கும் கழற்றவே இல்ல. நான் இந்த ஸ்டூல்ல உறங்கிட்டா இருந்தேன்?”

அவருடைய கடையில் வேறு இரண்டு பேர் வண்டி வேலைக்கு வந்து நின்றிருந்தார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். கடைக்காரர் நெற்றிக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். மறுநாள் கதவுப் பலகை கழன்றது, கம்பிகள் சேர்ந்தன, தவில் வந்தது. வந்த தவில் என் நெஞ்சுக்கூட்டில் அடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் எனக்குக் காட்டித்தான் செய்தார். பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்குச் சிவப்புக் கம்பி, அதன் தலைமாட்டில் ஃப்யூஸ். இருக்கைக்கு அடியில் பெயிண்டை இரும்பு மினுங்கும்வரை சுரண்டி, அங்கே முறுக்கிய கறுப்புக் கம்பி. பின் இருக்கைக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர். அதில் செருகியிருக்கும் நான்கு பிளக்கில் சிவப்பும் வெள்ளையும் பாட்டுக்கு, மஞ்சள் ஒட்டுப் போட்ட இரண்டும் மைக்குக்கு. பெட்டியில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. எனக்குத் தமிழ் எழுத்தே மெதுவாகத்தான் வரும். நிறத்தைத் தெரிந்துகொள்ள எழுத்து வேண்டாம்.

“ஒரு காரியம் அம்மச்சி. வண்டிக்க உள்ளேருந்து வாற எல்லாச் சத்தமும் பாட்டுக்க கம்பி வழியாத்தான் வெளிய வரும். ரிவர்ஸ் எடுத்தா ஒரு பீப், கதவு தொறந்தா ஒரு பீப். அது கம்பெனிக்க ஏற்பாடு. எனக்கு ஒண்ணும் செய்ய ஒக்காது.”

சரி என்றேன். வீட்டுக்கு வரும்போது முன் இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, வழி நெடுக மைக்கில் குரவை விட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பீப்பும் இல்லை. அமரவிளைப் பாலத்தில் ஒரு பஸ்காரன் ஒதுங்கி வழி விட்டான்.

கோவில் கமிட்டிச் செயலாளர் வில்லேஜ் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல் அதிகம் பேச மாட்டார். அவர் வீட்டுக்கு நானே போனேன்.

“அண்ணாச்சி, அம்மைக்கு இந்த வருசம் ஏசி வண்டியாக்கும். மெத்தை சீட்டு. அந்தத் தகர ஜீப்புல அம்மை குலுங்கிக் குலுங்கிப் போனது போரும். வாளு எந்த வண்டியில உண்டோ, குரவை அந்த வண்டியிலேருந்து. வேற ஒண்ணும் நான் கேக்கல்ல.”

“கொழுந்தன் சும்மா இருப்பானா?”

“அவன் பின்னால வரட்டு. வழி அவனுக்குத் தெரியுந்தானே?”

கமிட்டி கூடியது. என் வண்டி முன்னே, பாட்டும் அதிலிருந்து. ஜீப் பின்னே, அறிவிப்புக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஊர்வலத்துக்கு முந்தின நாள் கொழுந்தன் என் வீட்டு முற்றத்துக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். மூன்று வருடத்தில் முதல் முறை. பின்தொட்டிப் பெட்டிகளை விரலால் தட்டினான்.

“கம்பெனி சவுண்டுல கொண்டு கெட்டினதா மைனி? நாளைக்குப் பாதி வழியில நின்னு போவும், பாத்துக்கோ.”

“நின்னா உனக்க ஜீப்ப வச்சு தள்ளுலே. உனக்கும் ஒரு சோலி ஆவட்டு.”

சிரித்தான். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் மாலை நான்கு மணி. பூசாரி பட்டுச் சுற்றிய வாளையும் கும்பத்தையும் கொண்டுவந்து முன் இருக்கையில் வைத்தார். இரண்டு இடங்கழி அரிசி நிறைத்த பித்தளைக் கும்பம், ஒரு குழந்தையின் பாரம் இருக்கும். டிரைவர் குளித்துத் திருநீறு பூசி, கும்பிட்டுவிட்டு ஏறினான். நான் பின் இருக்கையில், கண்ணாடியை இறக்கிவிட்டு, மைக்கைப் பிடித்திருந்தேன். தாலப் பெண்கள் இரண்டு வரியாக நின்றார்கள். சிலர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம், கேட்டால் போதும் என்று இருந்தேன்.

சக்கரம் உருண்டது. நான் குரவையை எடுத்தேன்.

டிங். டிங். டிங். டிங்.

பாட்டுப் பெட்டி இரண்டிலிருந்தும், கோவில் மணியை விடப் பெரிதாக, நிற்காமல். என் குரவை அதற்கு அடியில் எங்கேயோ போயிற்று. கூட்டம் திகைத்தது. பின்னால் ஜீப்பிலிருந்து அவன் குரல், ரயில் ஸ்டேஷனில் பயணிகளைக் கூப்பிடுகிற அறிவிப்புக்காரி மாதிரி மலையாளம் கலந்து இழுத்தது.

“யாத்ரக்காருடெ ஸ்ரத்தைக்கு! பாறசாலையிலேருந்து புறப்படுகிய மைனி எக்ஸ்பிரஸ் இப்போ புறப்படும்! டிக்கெட் எடுக்காத்தவங்க ஓடி வரணும்!”

வரிசையாகச் சிரிப்பு. மூன்று வருடத்துக்கு முன்பு கேட்ட அதே சிரிப்பு.

“எலே, என்னலே அது?” என்று டிரைவரைக் கேட்டேன்.

“பெல்ட்டாக்கும் பெரியம்மே. முன் சீட்டுல ஆளு இருக்குன்னு வண்டி நினைக்கு. ஆளு பெல்ட் போடல்லன்னு மணி அடிக்கு.”

“ஆளுதானே இருக்கு.”

“அம்மைன்னு வண்டிக்குத் தெரியுமா?” என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் பெல்ட்டை இழுத்துக் கும்பத்தின் மேலே கொண்டுவரப் பார்த்தான். ஜன்னலோரம் நடந்துவந்த பூசாரி கையை உள்ளே விட்டு அவன் மணிக்கட்டில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

“எலே! அம்மையக் கெட்டப் போறியா? மந்திரவாதியாக்கும் தேவியக் கெட்டுவது. எடுலே கைய!”

எங்கள் பக்கத்தில் அது பெரிய சொல். தெய்வத்தைக் கயிறால், கம்பியால் கட்டி அடக்குவது துர்மந்திரவாதிகளின் வேலை. அப்படிக் கட்டப்பட்ட கோவில்கள் பாழான கதை எல்லார் வீட்டிலும் உண்டு. பக்கத்தில் நடந்த பெண்கள் நெஞ்சில் கை வைத்தார்கள். பெல்ட்டைப் பின்புறமாக விட்டு மாட்டலாம் என்றால், அந்த இருக்கையில் கையே படக் கூடாது. வண்டியையும் நிறுத்தக் கூடாது. கடைக்காரர் முன் இருக்கையில் ஆள் இல்லாமல் சோதித்தார். நான் பெல்ட்டோடு சோதித்தேன். அம்மை உட்காருவாள் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

டிங். டிங்.

“செல்போன் எடுக்கட்டா மைனி?” என்றது ஜீப்.

அந்தக் கேள்விதான் என்னை அசைத்தது. இதற்கு நான் பதில் சொல்லாவிட்டால் இனி எந்த மீனத்திலும் எனக்கு வாய் இல்லை. மைக்கை மடியில் வைத்துவிட்டுக் குனிந்தேன். எழுபத்திரண்டு வயதில், ஓடுகிற வண்டியில், இருக்கைக்கு அடியில் கையை விட்டேன். ஆம்ப்ளிஃபயர் சூடாக இருந்தது. சிவப்பு, வெள்ளை. இரண்டையும் பிடித்து ஒரே இழுப்பு.

வெளியே மணி நின்றது. வண்டிக்குள் மட்டும், கம்பெனி ஸ்பீக்கரில், சின்னதாக அடித்துக்கொண்டிருந்தது. அதை அம்மையும் டிரைவரும் நானும் கேட்டால் போதும் என்று கண்ணாடியைப் பாதி ஏற்றினேன். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அந்தக் குரவையைப் பற்றி நானே சொல்லக் கூடாது. ரோட்டோரம் கட்டியிருந்த பசு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது தாலப் பெண்களின் தோள் நிமிர்ந்தது மட்டும். தட்டை ஏந்தியபடி அவர்களும் எடுத்தார்கள்.

ஆனால் பாட்டு போய்விட்டது. மைக் மட்டும் மிச்சம். செயலாளர் வியர்த்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடிவந்தார்.

“பாட்டு இல்லாம எப்படி? ஜீப்புலேருந்து போடச் சொல்லட்டா?”

பாட்டு அவன் கைக்குப் போனால் அடுத்தது செல்போன். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

“வேண்டாம் அண்ணாச்சி. குரவையே போரும்.”

“ரெண்டு மைலு உண்டே!”

“உண்டு. எனக்குத் தெரியாததா?”

விளக்கு வைத்த வீடுகளில் மட்டும் குரவை விட்டால் போதும் என்பது முறை. நான் இடையிலும் விட்டேன். இடைவெளி விட்டால் அவன் அதில் நுழைவான். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் அவன் கை செல்போனுக்குப் போவதை என் மனதில் பார்த்தேன். அது எனக்கு வெறி ஏற்றியது. பக்தியால் விட்டேன் என்று சிலர் பிறகு சொன்னார்கள். அம்மைக்குத் தெரியும் அது எதனால் என்று. வாள் வைத்திருக்கிற தெய்வம், தவறாக நினைக்க மாட்டாள்.

ரப்பர் ஷீட் கடை வளைவில் என் தொண்டை அடைத்தது. சுக்கு வெள்ளம் குடிக்க மைக்கை இறக்கினேன். அவ்வளவுதான், பின்னாலிருந்து செல்போன் குரவை கிளம்பிவிட்டது. அதே பெண்கள், அதே பிசிறில்லாத குரவை.

அப்போது ஜன்னல் வழியே ஒரு கை உள்ளே வந்தது. கொழுந்தனின் மனைவி. ஜீப்புக்குப் பக்கத்தில் தாலத்தோடு நடந்தவள், வரிசையை விட்டு முன்னே வந்திருக்கிறாள்.

“அக்கா, அதத் தாங்க.”

“எதுக்குட்டி?”

“நானும் அண்ணைக்குக் குரவைக்கு வாய் தொறந்துட்டுத்தான் நின்னேன். எனக்க குரவைக்க மேலயும் சேத்துத்தான் உங்க கொழுந்தன் அதப் போட்டாரு. தாங்க.”

அன்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி என்று நான் மூன்று வருடமாக நினைத்திருந்தேன். மைக்கைக் கொடுத்தேன். ஒரு கையில் தாலம், ஒரு கையில் மைக். கழுத்து நரம்பு புடைக்க அவள் விட்ட குரவையில் அவள் புருஷனின் செல்போன் இருந்த இடம் தெரியவில்லை. பிறகு அது நின்றுபோனது. நான் டிரைவரின் ஓரக் கண்ணாடியை என் பக்கம் திருப்பச் சொல்லி, அதில் அவன் முகத்தைப் பார்த்தேன். நன்றாக, நேரம் எடுத்துப் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்த காசு அதிலேயே ஈடாகிவிட்டது.

கோவில் திரும்பும்வரை பெண்கள் மாற்றி மாற்றி மைக்கை வாங்கினார்கள். கடைசிக் குரவை நான் விட்டேன். ஜீப் அதற்கு முன்பே திரும்பிப் போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. குரல் இல்லை. மூன்றாம் நாள் பதினொரு மணிக்குக் கொழுந்தன் வந்தான். முற்றத்தில் நின்றான், ஏறி உட்காரவில்லை. நான் வாசல் நாற்காலியில் இருந்தேன்.

“மைனி, நான் ஒரு காரியம் சொல்லதுக்கு வந்தேன். நம்ம ரெண்டு பேரும் மல்லுக்கட்டிக்கிட்டு நின்னா ஊரு சிரிக்கும். அடுத்த வருசம் பாட்டு எனக்க ஜீப்புல போவட்டு, குரவை உங்க வண்டியில போவட்டு. சேந்து போவம்.”

நான் பக்கத்தில் இருந்த சுக்கு வெள்ளத்தை எடுத்துக் குடித்தேன்.

“அண்ணைக்கு நான் சொன்னது தமாசுக்காக்கும். நீங்க அத மனசுல வச்சுட்டு நடக்கியது எனக்குத் தெரியாது.”

தமாசு! மூன்று வருடம் நான் சேர்த்து வைத்திருந்த சொற்கள் அத்தனையும் தொண்டைக்கு வந்தன. ஒன்றும் வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவன் அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

“ஒண்ணும் மிண்டல்லன்னா சம்மதம்னு அர்த்தம். நான் செக்ரட்டரி அண்ணாச்சிகிட்ட சொல்லிருதேன்.”

திரும்பி நடந்தான். என் சம்மதத்தையும் அவனே சொல்லிக்கொண்டு போகிறான்.

டிரைவர் முற்றத்தில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் கை தட்டினேன். சாவியைத் திருப்புவது போல விரலால் காட்டினேன். அவனுக்குப் புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பின் இருக்கையில் ஏறி மைக்கை எடுத்தேன். இருப்பது காற்று மட்டும், சரி, அதையே கொடுத்தேன்.

“சம்மதம் இல்ல.”

பின்தொட்டியிலிருந்து அது ஒரு பெரிய மூச்சாக வந்தது. மாமரத்துக் காக்கைகள் எழுந்தன. கொழுந்தன் கேட்டில் கை வைத்தபடி நின்றான். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

“தமாசு இல்லன்னு நீ சொல்லணும். கோவில் நடையில. உனக்க மைக்குல. ஊரு கேக்க. அதுக்குப் பொறவு என்கிட்ட வா. அதுவரைக்கும் உனக்க ஜீப்பு எனக்க வண்டிக்குப் பின்னால பத்தடி தள்ளி வரும்.”

ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கினேன். அந்த மூச்சும் ஜங்ஷன் வரை கேட்டதாம். அவன் திரும்பிப் பார்க்காமல் போனான். வேகமாகவும் நடக்க முடியாது, மெதுவாகவும் நடக்க முடியாது, அப்படி ஒரு நடை.

என் குரல் ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. அவன் இன்னும் சொல்லவில்லை. மீனம் வரப் போகிறது. வண்டியை அடிக்கடி ஸ்டார்ட் செய்யாவிட்டால் இவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபயர் பேட்டரியைத் தின்றுவிடும் என்று டிரைவர் சொல்லியிருக்கிறான். அதனால் வெள்ளிக்கிழமை தோறும் வண்டியை எடுத்து, பின்தொட்டி கொழுந்தன் வீட்டைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தச் சொல்லி, ஒரு குரவை விடுகிறேன். ஒன்றே ஒன்று. மெதுவாக, முழு மூச்சும் எடுத்து.